தெரியும் என்றும் சொல்வதற்கில்லை

இர்விங், டெக்சஸ்
14 செப்டம்பர் 1998

அன்புள்ள யாமினிக் கண்ணுக்கு,

உன் தாய்மாமன் வேலுமணி எழுதுவது. இங்கே நானும் கயலும் சுகம். உன் அத்தை புஷ்பவல்லியும் சுகம்தான். அவளுடைய முழங்காலைப் பற்றி மட்டும் அவளிடமே நேரடியாகக் கேட்டுக்கொள்ளவும். அந்த இலாகாவில் எனக்கு அதிகாரம் இல்லை. பிளசன்டனில் நீயும் நெடுஞ்செழியனும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் மாடியில் போனை எடுத்தால் உன் அத்தை சமையலறையில் இன்னொரு ரிசீவரை எடுத்துவிடுகிறாள். ஒட்டுக்கேட்பதில்லையாம், குடும்ப நன்மைக்காகக் கவனிக்கிறாளாம். ஆகவே தபால்.

விஷயம் நல்ல விஷயம். கயலுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் பெயர் இனியன். உன் பக்கத்து ஊரான டப்ளினில் இருக்கிறான், கம்ப்யூட்டர் வேலை. தகப்பனார் குமாரசாமி, கோபிச்செட்டிபாளையத்துக்காரர், தாயார் நாகமணி. ஜாதகம் பொருந்திவிட்டது. அதைவிட முக்கியம், பையனும் பெண்ணும் ஒரு மாதமாகப் போனில் பேசுகிறார்கள். பார்மசியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து யாரிடமும் பேசாத பெண், இப்போது போனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

இனி முறைப்படி விசாரிப்பதுதான் பாக்கி. அந்த வட்டாரத்தில் நீ கவுன்சிலிங் செய்கிறாய். நம் ஜனங்களில் பாதி வீடுகளின் உள்பக்கம் உனக்குத் தெரிந்திருக்கும். பையன் குடிப்பானா, கோபக்காரனா, ஏதாவது ரகசியமாக வைத்தியம் பார்த்துக்கொள்கிறானா என்று எழுது. விசாரிப்பின் வழக்கம் நீ அறியாததல்ல. நல்ல வீடு என்றால் இரண்டு பக்கம் எழுது. மோசம் என்றால், ‘எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை’ என்று ஒரே வரி போதும். யார் மனமும் புண்படாமல் நான் புரிந்துகொள்வேன். உன் அம்மாவைக் கட்டிக்கொடுக்கும் முன் உன் அப்பாவைப் பற்றியும் இப்படித்தான் விசாரித்தோம். ஒன்றரைப் பக்கம் வந்தது. பெரியவர்கள் சற்று யோசித்துத்தான் சம்மதித்தார்கள்.

நல்ல பதிலை எதிர்பார்க்கும்,
மாமா

*

பிளசன்டன், கலிபோர்னியா
25 செப்டம்பர் 1998

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். அத்தையின் முழங்காலைப் போனில் விசாரித்தேன். நீண்ட நேரம் ஆனது. அது நன்றாக இல்லை.

கயல் சிரிக்கிறாள் என்று படித்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. அவளுக்கு நல்லதே நடக்கட்டும்.

நீங்கள் கேட்ட குடும்பத்தைத் தெரியும் என்றும் சொல்வதற்கில்லை, தெரியாது என்றும் சொல்வதற்கில்லை. தயவுசெய்து கவனியுங்கள்: இது நல்ல செய்தி இல்லை, கெட்ட செய்தியும் இல்லை. செய்தியே இல்லை.

நான் படித்து, பல வருடம் ஒருவர் மேற்பார்வையில் வேலை பார்த்து, பரீட்சை எழுதி வாங்கிய லைசென்ஸ் இது. என் அறையில் ஒருவர் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது ஊருக்கே தெரியும். அவர் என் அறைக்கு வந்தார் என்பதையே சொல்லக் கூடாது என்பது பலருக்குத் தெரியாது. வரவில்லை என்றும் சொல்லக் கூடாது. இன்று ஒரு வீட்டைப் பற்றி ‘அவர்கள் வந்ததில்லை’ என்று சொல்லிவிட்டால், நாளைக்கு நான் வாயை மூடிக்கொள்ளும் வீடு வந்த வீடு என்று ஆகிவிடும். அதனால் யாரைப் பற்றி யார் கேட்டாலும் இதே வாக்கியம்தான். நெடுஞ்செழியனுக்கும் இதுவே. இன்றைக்கு வேலையில் என்ன நடந்தது என்று கேட்டால், ஏசி ஓடவில்லை என்பதுவரை தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு.

டப்ளினில் வேறு யாரையாவது கேளுங்கள். கயலையும் கேளுங்கள்.

அத்தை வெந்நீர் ஒத்தடத்தை விடக் கூடாது என்று நினைவுபடுத்தும்,
யாமினி

*

இர்விங்
3 அக்டோபர் 1998

அன்புள்ள யாமினிக் கண்ணுக்கு,

உன் கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து படித்தேன். எல்லாம் புரிந்தது. உன் தொழிலுக்குப் பங்கம் வராமல், மாமனையும் கைவிடாமல், எவ்வளவு நாசூக்காக எழுதியிருக்கிறாய். ‘அவ்வளவாகப் பழக்கமில்லை’ என்பதே எங்கள் காலத்தில் கடைசி எச்சரிக்கை. நீ அதையும் தாண்டி, தெரியும் என்று சொல்லவே வாய் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். என் அனுபவத்தில் இவ்வளவு கடுமையான விசாரிப்பைக் கண்டதில்லை.

குமாரசாமிக்குப் போன் செய்து, பெண் மேலே படிக்க ஆசைப்படுகிறாள் என்று சொல்லி நிறுத்திவிட்டேன். மரியாதையான மனிதர். என்ன படிப்பு என்று கேட்டார். நான் தயாராக இல்லை. ஜியாலஜி என்று சொல்லிவிட்டேன்.

கயல் தன் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உன் அத்தைதான் பேசினாள். “ஏனுங்க, அவ சொல்லலைன்னா சொல்லலை. இல்லாததை நீங்க எதுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கறீங்க?” என்றாள். அவளுக்கு விசாரிப்பின் சூட்சுமம் தெரியாது.

நெடுஞ்செழியனுக்கு என் ஆசிகளைச் சொல். உன் கண் எரிச்சல் இப்போது எப்படி? ராத்திரி கண் விழித்துப் படிக்காதே.

நன்றியுடன்,
மாமா

*

பிளசன்டன்
9 அக்டோபர் 1998

அன்புள்ள மாமாவுக்கு,

கண் எரிச்சல் போய்விட்டது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் திரும்பவும் வந்துவிட்டது.

நான் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. நாசூக்கும் காட்டவில்லை. நான் எழுதியதற்கு எழுதியதுதான் அர்த்தம். நம் குடும்பத்தில் இதை நம்புவது கடினம் என்று எனக்குத் தெரியும்.

நான் வாயைத் திறந்தே ஆக வேண்டிய நேரங்களும் சட்டத்தில் உண்டு. ஒரு குழந்தையை யாராவது துன்புறுத்துகிறார்கள் என்று சந்தேகம் வந்தால் நான் உடனே புகார் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் குற்றம் என்னுடையது. வயதானவர்களுக்குக் கொடுமை நடந்தாலும் அப்படியே. ஒருவர் இன்னொருவரின் உயிருக்கு ஆபத்து விளைவிப்பதாக என்னிடம் சொன்னால், அதைத் தடுக்க நான் செய்ய வேண்டியதைச் செய்தாக வேண்டும். அந்தப் பட்டியலில் மாப்பிள்ளை பார்ப்பது இல்லை. மாமாவின் ஆவலும் இல்லை. நான் சட்டத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்தேன்.

இந்த லைசென்ஸ் போனால் எனக்கு வேலை போகும், அது சிறிய விஷயம். என்னை நம்பி அழுதுவிட்டுப் போனவர்கள் அத்தனை பேரும் அடுத்த நாள் கோயிலில் தலைகுனிந்து நிற்பார்கள். அது சிறிய விஷயமில்லை.

குமாரசாமி அவர்களிடம் நீங்களே பேசி, ஜியாலஜியை வாபஸ் வாங்குங்கள். கயல் எனக்குப் போன் செய்தாள். பேசவில்லை, அழுதாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும்,
யாமினி

*

இர்விங்
20 அக்டோபர் 1998

அன்புள்ள யாமினிக்கு,

இங்கே மழை. உன் அத்தையின் முழங்கால் அதை முந்தின நாளே அறிவித்துவிட்டது. மற்றபடி சுகம்.

உன் கடிதத்தை ஒரு வக்கீலின் கண்ணோடு படித்தேன். குழந்தை, முதியவர், உயிருக்கு ஆபத்து: இந்த மூன்றில் எது நடந்தாலும் நீ புகார் செய்தே ஆக வேண்டும் என்கிறாய். குமாரசாமி வீட்டுக்குப் போலீஸ் போனதாகத் தகவல் இல்லை. ஆகவே பையன் கொலைகாரன் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். தகப்பன் என்ற முறையில் இது ஆறுதல்தான். ஆனால் மாப்பிள்ளைக்கு இது மட்டும் போதுமா?

இரண்டாவது, உனக்குச் சங்கடம் இல்லாத ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். அடுத்த கடிதத்தில் சௌக்கியம் மட்டும் எழுது. பையன் நல்லவன் என்றால் நீல மையில் எழுது. இல்லையென்றால் கறுப்பு மை. நீ ஒரு வார்த்தையும் சொன்னதாக ஆகாது. உனக்கு லைசென்ஸ் கொடுத்த வாரியம் மையின் நிறத்தைக் கேட்கப் போவதில்லை.

மூன்றாவது, கயல். மூன்று வேளையும் பால் ஊற்றிச் சீரியல் சாப்பிடுகிறாள். என்னிடம் “குட் மார்னிங் அப்பா” என்று மரியாதையாகச் சொல்கிறாள். இருபத்தேழு வருடத்தில் இந்த மரியாதையை நான் பார்த்ததில்லை, பயமாக இருக்கிறது. நீ வாரம் ஒரு தடவை போனில் அவளுக்குக் கவுன்சிலிங் கொடு.

உன் அம்மா அந்தக் காலத்தில் ஊரில் மாதர் சங்கம் வைத்து, தையல் மெஷின் வாங்கிக் கொடுத்துச் சமூக சேவை செய்தாள். யாரிடமும் லைசென்ஸ் கேட்கவில்லை. எல்லார் வீட்டு விஷயமும் எல்லாருக்கும் சொன்னாள். ஊர் அவளைக் கொண்டாடியது.

மையைப் பற்றி யோசி.
மாமா

*

பிளசன்டன்
2 டிசம்பர் 1998

அன்புள்ள மாமாவுக்கு,

பென்சிலில் எழுதுவதற்கு மன்னியுங்கள். காரணம் உங்களுக்கே தெரியும்.

பதில் போட இத்தனை நாள் ஆனதற்கும் மன்னிக்க வேண்டும். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நடுவில் எனக்கு மூத்த ஒருவரிடம், இந்தத் தொழிலில் எனக்கு வழி சொல்கிறவரிடம், போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். என்ன பேசினேன் என்று கேட்காதீர்கள்.

கயலுக்கு நான் கவுன்சிலிங் கொடுக்க முடியாது. சொந்தக்காரர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் வைத்தியம் செய்யக் கூடாது என்பதும் விதிதான். அவள் என் மடியில் சோறு தின்று வளர்ந்த பெண். அவள் அழுதால் எனக்குக் கோபம் உங்கள் மேல் வருகிறது. அப்படிப்பட்டவள் நடுநிலையாக உட்கார்ந்து கேட்க முடியாது. டாலஸில் எனக்குத் தெரிந்த ஒரு நல்ல தெரபிஸ்ட் இருக்கிறார். பெயரும் நம்பரும் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். வேண்டியவர்கள் போகலாம். அக்காவாக நான் தினமும் அவளோடு பேசுகிறேன். நேற்று மிளகாய்ப்பொடி வைத்துத் தோசை சாப்பிட்டாளாம். இதைச் சொல்ல அவளிடம் அனுமதி வாங்கினேன்.

ஒன்று சொல்லட்டுமா மாமா. நான் ஒரு வாக்கியம் எழுதினால் உங்கள் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கயலுக்காக அதை எழுதிவிடலாமா என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. அந்த வாக்கியம் எந்தப் பக்கமாக இருந்தாலும், ஏன், சொல்ல ஒன்றுமே இல்லாவிட்டாலும் கூட, நான் அதை எழுதுவதற்கில்லை. இதில் எனக்கும் தூக்கம் போகிறது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

அத்தைக்கு ஊரிலிருந்து வந்த தைலம் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
யாமினி

*

இர்விங்
20 ஜனவரி 1999

செல்வி யாமினிக்கு (கல்யாணம் ஆனவள் என்று தெரியும், தெரிந்ததாகச் சொல்லலாமா என்பது தெரியவில்லை),

இங்கே சுகம் என்று எழுத எனக்கு மனமில்லை.

உன் வாக்கியத்தை நீ எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்கிறாயா என்று சோதித்துப் பார்ப்பது என் கடமை என்று பட்டது. என் ஆபீஸ் நண்பர் கஸ்தூரிரங்கனை உனக்குப் போன் செய்யச் சொன்னேன். அவர் ஃப்ரீமாண்டில் ஒரு பையனின் தகப்பனார்போலப் பேசி, இர்விங்கில் இருக்கும் வேலுமணி என்பவர் எப்படிப்பட்ட மனிதர், உங்களுக்கு மாமா முறை என்று கேள்விப்பட்டோம் என்று கேட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நானும் பக்கத்தில் புன்னகையோடு நின்றேன். ஆபீஸில் எங்கள் வரிசையில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள்.

“அப்படி ஒருவரைத் தெரியும்னும் சொல்றதுக்கில்லைங்க, தெரியாதுன்னும் சொல்றதுக்கில்லைங்க” என்றாய்.

உன் காது குத்தும்போது உன்னை மடியில் வைத்திருந்தவன் நான். என் வேட்டி முழுக்க உன் கண்ணீர்.

விளைவைக் கேள். பொங்கல் விழாவில் கஸ்தூரிரங்கன் இதை நகைச்சுவையாக நாலு பேரிடம் சொன்னார். கேட்டவர்களுக்கு நகைச்சுவை புரியவில்லை, விசாரிப்பு நன்றாகப் புரிந்தது. சொந்த அக்கா மகளே வாய் திறக்கவில்லையாமே என்று மண்டபம் முழுவதும் பேச்சு. கயலுக்கு ஹூஸ்டனிலிருந்து ஒரு வரன் கொண்டுவருவதாக இருந்த பிச்சுமணி, இப்போது என்னைக் கண்டால் பார்க்கிங்கில் வேறு வரிசைக்குப் போகிறார். உன் அத்தையிடம், “வீட்ல ஏதாச்சும் பிரச்சினைங்களா?” என்று ரகசியமாகக் கேட்கிறார்கள். அவள், “இருக்குதுங்க, உள்ள உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருக்குது” என்கிறாள்.

என் மகளின் வாழ்க்கை. உடனே கௌரவமான ஒரு நற்சான்று எழுதி அனுப்பவும்.

வேலுமணி
(உன் தாய்மாமன்)

*

பிளசன்டன்
27 ஜனவரி 1999

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் நலம் என்று நம்புகிறேன், நீங்கள் எழுதவில்லை.

அப்படி ஒரு போன் வந்தது என்றும் சொல்வதற்கில்லை, வரவில்லை என்றும் சொல்வதற்கில்லை.

ஆனால் ஒரு சட்ட நுணுக்கம் உங்களுக்குப் பயன்படலாம். பூட்டு மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. சாவி சம்பந்தப்பட்டவரிடம் இருக்கிறது. தன்னைப் பற்றித் தான் சொல்ல எவருக்கும் தடையில்லை. நீங்கள் யார், என்ன, உங்கள் அக்கா மகள் ஏன் அப்படிப் பேசினாள் என்று நீங்களே ஊருக்குச் சொல்லலாம். நன்றாக விளக்கிச் சொல்லுங்கள். உங்களைவிட நன்றாக விளக்கக் கூடியவர் டெக்சஸில் இல்லை.

என்றும் உங்கள் மடியில் அழுத,
யாமினி

*

இர்விங்
29 மார்ச் 1999

என் அன்புக் கண்ணு யாமினிக்கு,

எல்லாரும் சுகமோ சுகம். முழங்காலும் சுகம். இரண்டு மாதம் எழுதாததற்குக் காரணம், நான் உன் சட்டத்தைப் பிரசாரம் செய்துகொண்டிருந்தேன்.

வீடு வீடாகப் போனேன். விருந்துகளில் பந்தி நடுவே நின்று பேசினேன். அவள் பேசாததற்கு எந்த அர்த்தமும் கிடையாது, அது லைசென்ஸ், எல்லாருக்கும் அதே வாக்கியம், அமெரிக்க ஜனாதிபதியைப் பற்றிக் கேட்டாலும் அதையேதான் சொல்வாள் என்றேன். ஆரம்பத்தில் என் மானத்துக்காகப் பேசினேன். பேசப் பேச, அதில் நியாயம் இருப்பதாக எனக்கே தோன்ற ஆரம்பித்தது. அது நான் எதிர்பாராத தொந்தரவு.

பிச்சுமணி வீட்டு வளைகாப்பில் இதைப் பத்துப் பேருக்கு நடுவில் விளக்கி முடித்தபோது கஸ்தூரிரங்கன் கேட்டார்: “அப்போ அந்தக் குமாரசாமி ஃபேமிலி விஷயத்துல அவங்க பேசாததுக்கும் ஒரு அர்த்தமும் இல்லைதானே, சார்?”

கயல் பக்கத்தில் வளையல் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். நான், “இல்லைதான்” என்றேன். அந்த ஒரு சொல் வெளியே வர எவ்வளவு நேரம் ஆனது என்று உன் அத்தை இன்றுவரை நடித்துக் காட்டுகிறாள்.

அன்று மாலையே குமாரசாமிக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். படிப்பு முடிஞ்சுதுங்களா என்றார். முடிந்துவிட்டது என்றேன்.

போன வாரம் இனியன் வந்திருந்தான். சனிக்கிழமை அவனை லாஸ் கொலினாஸுக்குக் கூட்டிப்போய் என் ஆபீஸைக் காட்டினேன். ஒன்பதாவது மாடி. நான் வழக்கம்போல லிஃப்டைக் கடந்து படிக்கட்டுக்குப் போனேன். ஏன் என்று கேட்காமல் பின்னால் வந்தான். ஐந்தாவது மாடியில் மூச்சு வாங்க நின்றேன். அப்போது சொன்னான்.

“அங்கிள், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரெண்டு வருஷம் முன்னாடி எனக்குக் கடல் மேல போற சான் மட்டேயோ பாலத்துல டிரைவ் பண்ண முடியாமப் போச்சு. நடுவுல போனா நெஞ்சு அடைக்கும், கை மரத்துப் போயிடும். ஆபீஸ் அந்தப் பக்கம். தினமும் சான் ஹோசே வழியா ஊரைச் சுத்திட்டுப் போவேன். எனக்கு லாங் டிரைவ் ரொம்பப் பிடிக்கும்னு வீட்ல நினைச்சாங்க. அப்புறம் ஒரு வருஷம் தெரபி போனேன். உங்க அக்கா பொண்ணு யாமினிகிட்டதான். இப்போ பாலத்துல போறேன். கயலுக்கு முதல் வாரமே சொல்லிட்டேன்.”

நான் படியில் உட்கார்ந்தேன்.

“நீங்க அவ்வளவு கேட்டும் அவங்க சொல்லலைன்னு கயல் சொன்னா. அவங்க சொல்லாததாலதான் நான் உங்ககிட்ட சொல்றேன், அங்கிள்” என்றான்.

யாமினி, நான் பதினாறு வருடமாக அந்த ஒன்பது மாடியும் ஏறி இறங்குகிறேன். கொலஸ்ட்ராலுக்காக என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். உன் அத்தையிடமும்தான். கொலஸ்ட்ரால் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. லிஃப்டுக் கதவு மூடும்போது எனக்கு என்ன ஆகும் என்று அந்தப் படிக்கட்டில் முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. கை மரத்துப் போகுமா என்று மட்டும் கேட்டான். போகும் என்றேன். இருவரும் மிச்ச மாடிகளை ஏறினோம்.

நிச்சயம் செய்துவிட்டோம். வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் கயல் சமையலறையில் புகுந்து தானே சாம்பார் வைத்தாள். உப்பு அதிகம். யாரும் சொல்லவில்லை.

இதற்கு நீ பதில் எழுத வேண்டியதில்லை. என்ன எழுதுவாய் என்று தெரியும். ஆனால் டாலஸில் ஒரு தெரபிஸ்ட் பெயர் கொடுத்தாயே, அந்தத் தாளை எங்கோ வைத்துவிட்டேன். திரும்ப அனுப்பு. என் நண்பர் ஒருவருக்குத் தேவைப்படுகிறது.

பாசத்துடன்,
மாமா

*

பிளசன்டன்
5 ஏப்ரல் 1999

அன்புள்ள மாமாவுக்கு,

வீடே கேசரி மணக்கிறது. கடிதம் வந்த அன்று நானே கிண்டினேன், நெடுஞ்செழியன் காரணம் கேட்டார், கயலுக்கு நிச்சயம் என்றேன். இந்த ஒரு செய்தியைச் சொல்ல எனக்கு எந்தத் தடையும் இல்லை என்பதே தனி சந்தோஷம். பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொன்னேன். அவருக்குக் கயல் யார் என்று தெரியாது.

படிக்கட்டில் நடந்த பேச்சு உங்களுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே நடந்தது. அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் சொன்னதை எழுதியதற்காக மட்டும் உங்கள் இரண்டு கையையும் பிடித்துக்கொள்கிறேன்.

உங்கள் நண்பருக்கு நம்பர் இத்துடன். அவரை முதலில் ஒரு தடவை போய் வரச் சொல்லுங்கள். அந்தத் தெரபிஸ்டின் அறை தரைத்தளத்தில் இருக்கிறது.

கல்யாணத்தில் நான் நடந்துகொள்ளும் முறையைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவிலிருந்து வருகிற யாரையும் நானாக முதலில் பார்த்துச் சிரிக்க மாட்டேன், பேச மாட்டேன். அவர்களாக வந்து பேசினால் பேசுவேன். கர்வம் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும்.

அத்தைக்கும் கயலுக்கும் முத்தங்களுடன்,
யாமினி

*

இர்விங்
12 ஜூலை 1999

அன்புக் கண்ணுக்கு,

இங்கே அனலாக இருக்கிறது. நாங்கள் வாடவில்லை.

முகூர்த்தம் செப்டம்பர் ஐந்து, ஞாயிறு. தேய்பிறை என்று ஜோசியர் இழுத்தார். லேபர் டே வீக்கெண்ட், எல்லாருக்கும் திங்கள் லீவு என்று விளக்கியதும், கிரகங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று ஒத்துக்கொண்டார்.

ஒரு அதிசயம் கேள். என் பிரசாரம் இங்கே வேறு விதமாகப் பலித்திருக்கிறது. சொந்த மாமனையே தெரியும் என்று சொல்லாத பெண்ணாமே, அவர் நம்பர் கிடைக்குமா என்று தனித்தனியாக என்னிடம் வந்து கேட்கிறார்கள். யார் என்று உன்னிடம்கூடச் சொல்ல மாட்டேன். உனக்கு டெக்சஸில் லைசென்ஸ் இல்லை என்று சொல்லி, அந்த டாலஸ் நம்பரைக் கொடுத்து வருகிறேன். என் நண்பர் வாரா வாரம் அங்கே போகிறார். போன செவ்வாய் ஆபீஸில் இரண்டாவது மாடிவரை லிஃப்டில் போனார். வெளியே வந்ததும் கஸ்தூரிரங்கனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு.
மாமா

*

பிளசன்டன்
9 செப்டம்பர் 1999

அன்புள்ள மாமாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். நீங்களும் அத்தையும் இப்போது அந்தப் பெரிய வீட்டில் இரண்டு பேராக எப்படி இருக்கிறீர்கள்? ஒருவர் மாடியிலும் ஒருவர் சமையலறையிலுமாக எனக்குப் போன் செய்யுங்கள். மூன்று பேராகப் பேசலாம்.

மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்து எழுதும்படி போன வருடம் கேட்டிருந்தீர்கள். தாமதத்துக்கு வருந்துகிறேன். என் விசாரிப்பு இப்போதுதான் முடிந்தது. இதில் உள்ள விவரங்கள் எல்லாம் ஞாயிறு காலை முதல் பந்தி முடியும்வரை, பொது மண்டபத்தில், எல்லாருக்கும் நடுவில், என் கண்ணால் பார்த்தவை. இதற்கு முன்னால் எனக்கு என்ன தெரியும், தெரியாது என்பது இதில் சேராது. மாப்பிள்ளை தானாக என் முன்னால் வந்து, “வணக்கம் அக்கா, சாப்டீங்களா?” என்று கேட்ட பிறகே வேலையைத் தொடங்கினேன்.

பையனுக்குத் தாளம் வராது. நாதஸ்வரத்துக்குத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். தவில்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாயசத்துக்கு மேல் சர்க்கரை கேட்டார். இவை குறைகள்; மறைக்காமல் எழுதுகிறேன்.

மாலை மாற்றும்போது கயல் ஏதோ சொல்லி அவரைச் சிரிக்க வைத்தாள். அவர் சிரித்த சிரிப்பில் மாலை நழுவி ஐயர் கழுத்தில் விழப் பார்த்தது. பந்தியில் இலை போட்ட பையனைக் கூப்பிட்டு, நீ சாப்பிட்டாயா என்று கேட்டார். பதிலுக்காகக் காத்திருந்தார், நிறையப் பேர் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நாகமணி அம்மா புடவைத் தலைப்பை மிதித்துத் தடுமாறியபோது அவர் பிடிப்பதற்குள் கயல் பிடித்துவிட்டாள். அதில் அவருக்குக் கர்வம். அது முகத்தில் தெரிந்தது.

கடைசியாக ஒன்று. தாரை வார்க்கும்போது உங்கள் கையில் சொம்பு சாய்ந்து தண்ணீர் வேறு பக்கம் போக இருந்தது. மாப்பிள்ளை உங்களைப் பார்க்கவே இல்லை. ஐயரைப் பார்த்தபடியே, தன் இடது கையைச் சொம்புக்கு அடியில் கொண்டுவந்து வைத்து, மந்திரம் முடியும்வரை தாங்கிக்கொண்டிருந்தார். போட்டோக்காரருக்குத் தெரியவில்லை. அத்தைக்குத் தெரியவில்லை. உங்களுக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை.

நல்ல பையன் மாமா. பெண்ணைக் கொடுக்கலாம்.

இந்தக் கடிதத்தை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

அன்புடன்,
யாமினி